பாதை போடுகிறோம், ஆனால் ஒன்றோடொன்று சேர்ப்பதில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மலையகப் பாதைகளைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை குழி, சேறு, காபட் போடவில்லை என்கிற குறைகள்தான். அவை நியாயமானவை, அந்தக் குழிகளில்தான் நானும் போய் வருகிறேன். ஆனால் அவற்றைவிட நீண்ட காலம் நம்மை வருத்தப் போகிற ஒரு விஷயத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம். நம் டவுன்களைச் சுற்றி இப்போது புதிதாகப் போடுகிற பாதைகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. குழி விழுந்த பாதையை அடுத்த வருஷ நிதியில் செப்பனிட்டு விடலாம். சேராமல் போட்டு, இரண்டு பக்கமும் வீடு கட்டி, காணி உறுதிப் பத்திரமும் எழுதி முடித்துவிட்ட பாதையை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சேர்க்க முடியாது.

ஏ-7 வீதியில் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வாருங்கள், நான் சொல்வது விளங்கும். மெயின் ரோட்டிலிருந்து ஒரு கொன்கிரீட் பாதை மேலே ஏறும், பத்துப் பன்னிரண்டு வீடு இருக்கும், ஒரு மதிலிலோ தேயிலைச் செடியிலோ முட்டி நின்றுவிடும். கொஞ்சம் தள்ளி இன்னொரு காணி லொட் லொட்டாகப் பிரித்து விற்கப்பட்டிருக்கும், அதற்கும் மெயின் ரோட்டிலிருந்து தனியாக ஒரு பாதை, அதுவும் அப்படியே முட்டி நிற்கும். இந்த இரண்டு பாதைகளின் நுனியும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும், ஆனால் இங்கிருந்து அங்கே போக வழி கிடையாது. கீழே மெயின் ரோட்டுக்கு இறங்கி, லொறிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி நடந்து, மறுபடி ஏற வேண்டும். பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல பக்கம் தங்குமிடங்களுக்காகக் காணி விற்பது சூடு பிடித்த பிறகு அங்கேயும் இதே கதைதான். நுவரெலியாவைச் சுற்றியுள்ள சரிவுகளிலும் இதைப் பார்க்கிறேன்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். அடுத்த மேட்டில் தெரிகிற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போக வேண்டும். நேராகப் போனால் பத்து நிமிஷ நடை, ஆனால் பாதை வழியே சுற்றினால் ஓட்டோ பிடிக்க வேண்டிய தூரம். பிள்ளையைத் தனியாக மெயின் ரோட்டில் விடப் பயந்து மாதக் கணக்கில் ஓட்டோவுக்குக் காசு கட்டுகிற குடும்பங்கள் எத்தனையோ. பஸ்ஸும் அப்படித்தான். முட்டுச்சந்துக்குள் பஸ்ஸை ஓட்ட முடியாது, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற பாதை இருந்தால்தான் ஓட்டலாம், ஆகவே பஸ் எப்போதும் மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது. குப்பை டிராக்டர் உள்ளே வந்தால் ரிவர்ஸில்தான் வெளியே போக வேண்டும், அதனால் வருவதே இல்லை. அம்புலன்ஸ் வந்தாலும் பாதை நடுவில் ஒரு வேன் நின்றால் அதோடு சரி. எல்லாப் பாதையும் ஒரே ரோட்டில் வந்து விழுவதால், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஹட்டன் டவுன் எப்படி அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் ரெயில் பாதை, மறுபக்கம் மலை, நடுவில் ஒரே தெரு. மாற்றுப் பாதை என்று ஒன்று இருந்தால்தானே வாகனத்தைத் திருப்பி விட முடியும்.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டப் பாதைகளை வெள்ளைக்காரத் துரைமார் எதற்காகப் போட்டார்கள்? கொழுந்து மலையிலிருந்து பெக்டரிக்குப் போக, தேயிலை பெக்டரியிலிருந்து ரெயில் ஸ்டேஷனுக்குப் போக. ரெயில் 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த வருஷமே நானுஓயாவுக்கும் வந்தது. தோட்டத்துப் பாதைகளெல்லாம் அந்த ரெயிலைப் பார்த்தே இறங்கின. வரைபடத்தில் பார்த்தால் ஒரு மரத்தைப் போலவே இருக்கும். பெக்டரி அடிமரம், டிவிஷன்கள் என்கிற தோட்டப் பிரிவுகள் கிளைகள், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு லயம், அதாவது வேலையாட்களின் வரிசை வீடுகள். ஒரு தோட்டத்துக் கிளை பக்கத்துத் தோட்டத்துக் கிளையைத் தொடாது. வழியில் கேட்டும் காவலும் இருந்தன, வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம், தொழிற்சங்கக்காரர்கள் லயத்துக்குள் கால் வைக்கவே எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். வேலையாட்கள் அடுத்த தோட்டத்து ஆட்களோடு சேர்வதை நிர்வாகம் விரும்பியதில்லை, பாதையும் அதற்கேற்பவே அமைந்தது. இப்போது டவுன் பெருத்து அந்தக் கிளைகள் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. கேட் போய்விட்டது, காவல்காரர் போய்விட்டார், பாதையின் அமைப்பு மட்டும் அப்படியே நிற்க, அதன் மேல் நாம் வீடு கட்டுகிறோம்.

ஆனால் நம் சனம் அந்த அமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு இருந்துவிடவில்லை. மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும், ஒரு டிவிஷனிலிருந்து அடுத்த டிவிஷனுக்கும், கோயிலுக்கும், ஆற்றுக்கும், டவுனுக்கும் தேயிலைக்கு நடுவே எத்தனை குறுக்குப் பாதைகளைக் காலாலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்! அவைதான் மலையகத்தின் உண்மையான இணைப்பு. எந்தப் பிளானிலும் இராது, எந்தச் சபைப் பதிவேட்டிலும் இராது, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு காணி விற்கப்பட்டு முள்கம்பி அடித்தவுடன் முதலில் சாகிறது இந்தப் பாதைதான். வாங்கியவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் கையில் இருக்கிற பிளானில் அப்படி ஒரு பாதையே கிடையாதே. எங்கள் பகுதியிலும் அப்படி ஒரு பாதை அடைபட்டது. நாலு பேர் கூடிப் பேசினோம், முறைப்பாடு கொடுக்கலாம் என்றோம், பிறகு எல்லோரும் மெயின் ரோட்டைச் சுற்றிப் போகப் பழகிவிட்டோம். ஒருவர் தடையில்லாமல் 10 வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய பாதைக்கு உரிமை கோர 1871ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும், சாட்சி வேண்டும், வருஷக் கணக்கில் சட்டத்தரணிக்குச் செலவழிக்க வேண்டும், தோட்டத்துக்குள் என்றால் நிர்வாகத்தின் அனுமதியோடுதான் நடந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடலாம். நாட்சம்பளம் வாங்குகிறவர் எப்படி அந்த வழக்கை நடத்துவார்?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-போல் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் உள்ள வீதி வரைபடங்களை எடுத்து, நகரங்கள் வளர வளர வீதிகளின் இணைப்பு எப்படி மாறுகிறது என்று அளந்து 2020இல் வெளியிட்டார்கள். ஒரு சந்தியில் எத்தனை பாதை கூடுகிறது, எத்தனை பாதை முட்டி நிற்கிறது, நேர்தூரத்தைவிடப் பாதைத் தூரம் எவ்வளவு அதிகம் என்பவைதான் அவர்கள் பார்த்த விஷயங்கள். 1975இலிருந்து பார்த்தால் உலகின் பெரும் பகுதியில் புதிய வீதிகள் பழைய வீதிகளைவிடத் துண்டு துண்டாகவே போடப்பட்டு வருகின்றன. மதில் கட்டி கேட் போட்ட குடியிருப்புகள் தென்கிழக்கு ஆசியாவில் பெருகியதும் ஒரு காரணம். ஆனால் எல்லா நாடும் அப்படிப் போகவில்லை. பொலிவியா, பெரு, ஆர்ஜன்டீனா போன்ற நாடுகள் வளர்கிறபோதும் குறுக்கும் நெடுக்குமான வீதிகளையே தொடர்கின்றன. ஜெர்மனி, டென்மார்க், பிரிட்டன் போன்ற இடங்களில் வாகனப் பாதை முட்டி நின்றாலும் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் வழி விட்டு இணைப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் நமக்கு முக்கியம், கீழே அதற்கு வருகிறேன். முட்டுச்சந்துக் குடியிருப்பை 1930களில் அரசாங்கமே சிபாரிசு செய்து பரப்பிய அமெரிக்காவில்கூட அது 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு குறைய ஆரம்பித்துவிட்டது என்பதை இதே இருவர் 2015இல் காட்டியிருந்தார்கள். அவர்கள் விட்டுவிட்டு வருவதை நாம் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு தடவை போட்ட வீதிக் கோடு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு லண்டன் நல்ல உதாரணம். 1666இல் தீப்பிடித்து நகரத்தின் பெரும் பகுதி சாம்பலான பிறகு, அகலமான நேர் வீதிகளோடு புதிதாகக் கட்டலாம் என்று திட்டங்கள் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வீடு எரிந்தாலும் காணி எல்லை எரியவில்லையே, அவரவர் தங்கள் துண்டில் கட்டிக்கொள்ள, பழைய தெருக்களே பெரும்பாலும் திரும்பி வந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கண்டிக்குப் போய்ப் பாருங்கள். தலதா வீதி, கொட்டுகொடல்ல வீதி, கொழும்பு வீதி என்று குறுக்கும் நெடுக்கும் ஓடும் அந்தத் தெருக்களின் அடிப்படை அரசர் காலத்தது. ஒரு தெரு அடைத்தால் அடுத்த தெருவால் நடந்து போகலாம். அந்தச் சதுரத்தை விட்டு வெளியே வந்து மலைச்சரிவுக் குடியிருப்புகளைப் பாருங்கள், நுழைந்த வழியாலேதான் திரும்ப முடியும். ஒரே நகரத்துக்குள் இரண்டு காலமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன.

"இது மலை, சமதரை இல்லை, இங்கே எப்படிச் சதுரம் சதுரமாக ரோட்டுப் போடுவது?" என்று இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மலையை வெட்டி இன்னும் வாகனப் பாதை போடச் சொல்லி நான் எழுதவில்லை, அப்படிச் செய்தால் பாதி சரிவு கீழே வந்துவிடும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியதைக் கண்டவர்கள் யாரும் மலையை வெட்டுவதை இலேசாக எடுக்க மாட்டார்கள். ஆனால் சேர்ப்பதற்கு ரோட்டு வேண்டும் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் பிட்ஸ்பேர்க் நம்மைப் போல மலையும் பள்ளத்தாக்குமான ஊர். ரோட்டுப் போட முடியாத சரிவுகளில் 700க்கும் அதிகமான பொதுப் படிக்கட்டுகள் கட்டி வைத்திருக்கிறார்கள், அவற்றில் பல நகர வரைபடத்தில் வீதி என்றே பதிவானவை, பெயர்ப்பலகையும் உண்டு. சன் பிரான்சிஸ்கோவிலும் வாகனம் ஏற முடியாத இடத்தில் வீதி படிக்கட்டாக மாறித் தொடர்கிறது. ஐந்தடி அகலப் படிக்கட்டு, ஓரத்தில் தண்ணீர் ஓட ஒழுங்கான கான், ஒரு கைப்பிடி, இரண்டு விளக்கு. இரண்டு முட்டுச்சந்துகளின் நுனியைச் சேர்க்க இது போதும். கான் வெட்டுவதைப் பற்றி நம் சனத்துக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை, நூறு வருஷத்துக்கு மேல் அந்த மலைகளை மழையில் கரையாமல் காத்ததே அவர்கள் வெட்டிய கான்கள்தான். உண்மையில் மலையை அதிகம் வெட்டுவது இப்போதைய முறைதான், ஒவ்வொரு காணித் துண்டுக்கும் மெயின் ரோட்டிலிருந்து தனித்தனியாக வாகனப் பாதை வெட்டி ஏற்றுவதால்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிந்து ரோட்டுகள் அறுந்தன, ரெயில் பாதையும் போனது. உயிரிழப்பைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு வழியுள்ள குடியிருப்பில் அந்த ஒரு வழி மேல் மண் விழுந்தால், உள்ளே இருப்பவர்கள் வெளியே வரவும் முடியாது, வெளியே இருப்பவர்கள் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போகவும் முடியாது. இரண்டாவது வழி ஒன்று, நடந்து போகிற வழியாகவாவது இருந்திருந்தால், நோயாளியைத் தூக்கிக்கொண்டாவது வந்திருக்கலாம். இப்போது இடம்பெயர்ந்தவர்களுக்குப் புதிய இடம், புதிய வீடு என்று பேச்சு நடக்கிறது. அந்த இடங்களுக்காவது இரண்டு வழி வையுங்கள் என்று கேட்கிறேன்.

தோட்ட வீடமைப்பையும் விட முடியாது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது நம் மக்கள் எவ்வளவோ காலம் கேட்டுப் பெற்றது, அதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது நம் முகங்களில் இருந்த சந்தோஷம் உண்மையானது. ஆனால் வீட்டுத் திட்டம் என்றால் வீட்டின் எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறோம். பல இடங்களில் தேயிலை விளையாத ஒதுக்குப்புறத்தைக் கொடுத்து, ஒரு பாதையை வெட்டி, அதன் ஓரத்தில் வரிசையாக வீட்டை வைத்து முடித்து விடுகிறார்கள். லயம் பிரிந்து தனி வீடானது, பாதை மட்டும் பழைய மாதிரி கிளை நுனியிலேயே நிற்கிறது. பக்கத்து டிவிஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடைவழியைப் பிளானிலேயே கோடு போட்டு வைக்க எவ்வளவு செலவாகும்? வீடு கட்டும் முன் செய்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

யார் செய்வது என்ற கேள்வி வரும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, உள்வீதிகள் சபைகளுக்கு, தோட்டப் பாதை தோட்டத்துக்கு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு காணி அரசுடையது, பயன்படுத்துவது கம்பனி, நடப்பது நாம் என்றாகிவிட்டது. முன்பு பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று சொல்லிவிடுவார்கள். 2018இல் அதைத் திருத்தியாகிவிட்டது. அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்துவிட்டன. 2023 மார்ச்சிலிருந்து உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்த சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தலும் நடந்தது. ஆகவே எங்களுக்கு அதிகாரம் இல்லை என்ற பதிலை இனி ஏற்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி நாட்டில் நகரத்தில் வாழ்பவர்கள் 18.2 வீதம்தான். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் நகரம் என்று எண்ணியதால் வந்த கணக்கு அது. கொட்டகலை டவுனில் கடைத் தெருவுக்கு மேலே அடுக்கடுக்காக வீடு ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கில் அது கிராமம் அல்லது தோட்டம். நகரம் வளர்வது இப்படிப் பிரதேச சபை எல்லைக்குள்தான், நகரத் திட்டம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் பார்ப்பதோ கண்டியையும் நுவரெலியா டவுனையும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. காணி பிரிக்கும் பிளான் சபைக்கு வரும்போது பாதையின் அகலத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பாதை காணியின் மறு எல்லை வரை போகிறதா, பக்கத்துக் காணியில் நாளைக்கு வரப்போகிற பாதையோடு சேர இடம் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாகனம் போக முடியாத சரிவென்றால் ஐந்தடி நடைவழியைப் பொதுப் பாதை என்று பிளானிலேயே எழுதி வாங்க வேண்டும். அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் 2009இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: பக்கத்து வீதிகளோடு சேராத புதிய குடியிருப்பு வீதியை அரசாங்கம் பராமரிப்புக்கு ஏற்காது. பிறகு கொஞ்சம் தளர்த்தினாலும் யோசனை நல்ல யோசனை. நம் ஊரிலும் காணி விற்று முடித்தவர் போன பிறகு, பாதையைச் சபை பொறுப்பெடுத்துக் கொன்கிரீட் போட்டுத் தர வேண்டும் என்றுதான் வீடு வாங்கியவர்கள் கேட்கிறார்கள். அப்போது சேர்ப்பு எங்கே என்று சபை முதலிலேயே கேட்டிருந்தால் விற்பவர் செய்துவிட்டுப் போயிருப்பார். பழைய குறுக்குப் பாதைகளையும் கிராம உத்தியோகத்தர், தோட்டத்துப் பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். கம்பி அடித்த பிறகு தேடுவதில் பலன் இல்லை.

பாதை திறந்தால் கள்ளர் வருவார்கள், கண்டவரெல்லாம் வீட்டு வாசலால் போவார்கள் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, முக்கியமாகப் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில். ஆனால் விளக்கு உள்ள, நாலு பேர் நடமாடுகிற படிக்கட்டு, ஆள் அரவமே இல்லாத முட்டுச்சந்தைவிட ஆபத்தானது என்று எனக்குத் தோன்றவில்லை. வாகனம் குறுக்கே புகுந்து ஓடும் என்றால் நடுவில் இரண்டு கல் நட்டால் முடிந்தது.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பிரதேச சபையிலும் கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை காணிப் பிரிப்புப் பிளான்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், அவற்றில் எத்தனை பாதைகள் இரண்டு பக்கமும் திறந்தவை, எத்தனை முட்டி நிற்பவை என்று உங்கள் பிரதேச நிருபர்கள் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, சபை வாரியாகப் போட்டால் நன்றாக இருக்கும். பதில் தராத சபையின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர்